ஒரு துளையும் ஒரு துளி இரத்தமும்: வாலஸ் கோல்ட்டரின் வரலாறு

டிங்கி காய்ச்சல் வந்த வீட்டில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிளேட்லட் எவ்வளவு?" நேற்று 120 என்றார்கள், இன்று 85 என்கிறார்கள் என்றால் வீடே கலங்கிப் போகும். 120 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 120,000 இரத்தத் தட்டுகள் என்று பொருள். ஒரு மைக்ரோலிட்டர் என்பது குண்டூசித் தலையளவு துளி. அந்தத் துளிக்குள் இருப்பதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள், அந்த எண்ணை நாம் ஏன் நம்புகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

இதற்கு விடை தேடிப் போனால் வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கரிடம் போய் நிற்போம். அவர் மருத்துவர் இல்லை. பட்டப்படிப்பையும் முடிக்கவில்லை. எக்ஸ்ரே கருவி விற்கவும் பழுது பார்க்கவும் சிங்கப்பூர்வரை வந்தவர். இன்று உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் நடக்கும் 'முழு இரத்த எண்ணிக்கை'க்கு அடிப்படையான முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

நம் மாணவர்களுக்கு இந்த வரலாறு இன்னொரு வகையிலும் உதவும். இடைநிலைப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படிப்பதில்லை. ஆனால் தமிழ்த்தாளில் அறிவியல் தலைப்பு வந்தால் தமிழில்தான் எழுதியாக வேண்டும். அப்போது பலருக்குச் சொல் கிடைக்காமல் பேனா நின்றுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லையும் வரும் இடத்திலேயே விளக்கிக்கொண்டு போகிறேன்.

எண்ணுவது அவ்வளவு சுலபமா?

இரத்தம் வெறும் சிவப்புத் தண்ணீர் இல்லை என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த லேவன்ஹூக் 1674இல் தம் நுண்பெருக்காடி வழியே சிவப்பணுக்களைப் பார்த்து எழுதினார். பார்த்தாயிற்று, ஆனால் எத்தனை இருக்கின்றன? அதற்கு இன்னும் ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின. 1852இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபியரோர்ட் முதன்முறையாக இரத்த அணுக்களை எண்ணும் முறையை வெளியிட்டார். ஒரு தடவை எண்ணி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அதன் பிறகு கண்ணாடியில் மெல்லிய கட்டங்கள் கீறிய எண்ணும் தகடுகள் வந்தன. நோயாளியின் இரத்தத்தைக் கரைசலில் 200 மடங்கு நீர்க்கச் செய்து, அந்தத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, நுண்பெருக்காடியில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். தகட்டின் நடுவே உள்ள 400 சிறு கட்டங்களில் 80ஐ மட்டும் எண்ணுவது வழக்கம். வந்த எண்ணை 10,000ஆல் பெருக்க வேண்டும். 500 அணுக்கள் தென்பட்டால், மைக்ரோலிட்டருக்கு 5 மில்லியன் சிவப்பணுக்கள். நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ இவ்வளவு இருக்கும்.

இங்கேதான் சிக்கல். எண்ணியது 500ஐ, முடிவு சொன்னதோ 5 மில்லியனுக்கு. அந்த 80 கட்டங்களில் அணுக்கள் தற்செயலாக விழுகின்றன. அடுத்த சொட்டில் 480 இருக்கலாம், அதற்கடுத்ததில் 530 இருக்கலாம். இப்படித் தற்செயலாக விழுபவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது புள்ளியியல் விதி. 500இன் வர்க்கமூலம் சுமார் 22. அதன் இரு மடங்கு 44 அல்லது 45. ஆக, ஒரே மனிதரின் ஒரே இரத்தம் 4.55 மில்லியன் என்றும் வரலாம், 5.45 மில்லியன் என்றும் வரலாம். எண்ணியவர் ஒரு தவறும் செய்யாதபோதே இந்த நிலை.

அதற்கு மேல் உறிஞ்சுகுழலில் அளவு பிசகலாம், சொட்டு சரியாகப் பரவாமல் போகலாம், காலையிலிருந்து குனிந்து குனிந்து எண்ணும் கண்ணும் களைத்துப் போகலாம். 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜோசப் பெர்க்சனும் அவருடைய சகாக்களும் இந்தப் பிழைகளையெல்லாம் அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். ஆய்வுக்கூடப் பணியாளர் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. முறையிலேயே பிழை இருந்தது.

சிங்கப்பூர் வந்த பொறியாளர்

வாலஸ் ஹென்றி கோல்ட்டர் 1913 பிப்ரவரி 17ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் பிறந்தார். தந்தை இரயில்வேயில் வேலை பார்த்தவர். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே மின்சாரம், வானொலி என்றால் உயிர். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படித்தார். அது 1930களின் பொருளாதார மந்தக் காலம். கையில் காசில்லாமல் படிப்பைப் பாதியிலேயே விட வேண்டியதாயிற்று.

1935இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்ரே பிரிவில் விற்பனை, பழுதுபார்ப்புப் பொறியாளராகச் சேர்ந்தார். தூரக் கிழக்குக்குப் போக ஆள் வேண்டும் என்றபோது இவர் முன்வந்தார். மணிலா, ஷங்காய் என்று சுற்றிவிட்டுச் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். எக்ஸ்ரே கருவி இருப்பது மருத்துவமனையில்தானே? அதனால் எந்த நகரத்துக்குப் போனாலும் மருத்துவமனையின் பின்கட்டு வரைக்கும் அவர் கால் படும். அங்கே ஆய்வுக்கூடத்தில் பணியாளர்கள் நுண்பெருக்காடிமேல் குனிந்தபடி நாளெல்லாம் இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார்.

மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். 'கோல்ட்டரின் எண்ணம் சிங்கப்பூரில் உதித்தது' என்று எழுத நமக்கு ஆசையாக இருக்கும். நம்ம ஊர் பெருமை இல்லையா? ஆனால் வரலாறு சொல்வது, பல நகர மருத்துவமனைகளில் அவர் கண்ட காட்சி அவர் மனத்தில் தங்கியது என்பதுதான். சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் நாமும் எழுத வேண்டும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு வீசின. ஜப்பானியப் படை மலாயா வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த மாதத்திலேயே கோல்ட்டர் இந்தியா செல்லும் ஒரு சிறிய சரக்குக் கப்பலில் இரவோடு இரவாக ஏறித் தப்பினார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐரோப்பா வழியாக ஊர் திரும்ப வழியில்லை. இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா, அங்கிருந்து தென்னமெரிக்கா என்று சுற்றி, 1942 கிறிஸ்துமஸ் நேரத்தில்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய ஓராண்டுப் பயணம்!

போர் முடிந்த பிறகு சிக்காகோவில் மின்னணு நிறுவனங்களில் வேலை செய்தார். வீட்டுக் கீழ்த்தளத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடமும் வைத்திருந்தார். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகள் அவர் வேலைக்கு ஓர் அவசரத்தைக் கொடுத்தன. கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். வெள்ளையணுக்களும் இரத்தத் தட்டுகளும் சரியும். ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டி வந்தால், கட்டம் கட்டமாக எத்தனை பேர் உட்கார்ந்து எண்ணுவது?

துளை எப்படி எண்ணுகிறது?

அணுக்களை ஒளியால் எண்ணலாம் என்று ஏற்கெனவே சிலர் முயன்றிருந்தார்கள். 1934இல் மொல்டவன் என்பவர், மெல்லிய குழாயில் அணுக்களை ஓடவிட்டு ஒளிமின்கலத்தால் எண்ணும் திட்டத்தை வெளியிட்டார். கோல்ட்டர் ஒளியை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பிடித்தார்.

அவருடைய முறை இதுதான். உப்புக் கரைசல் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குவளை. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் சுவரில் ஒரு நுண்துளை; அகலம் சுமார் 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. குழாய்க்கு உள்ளே ஒரு மின்முனை, வெளியே ஒரு மின்முனை. உப்புக் கரைசலில் மின்சாரம் ஓடும். ஆனால் உள்ளிருந்து வெளியே போக அந்தத் துளையை விட்டால் வேறு வழியில்லை.

இப்போது குவளையில் நீர்க்கச் செய்த இரத்தத்தை ஊற்றி, குழாய் வழியாக உறிஞ்சுகிறோம். அணுக்கள் துளை வழியே போகின்றன. இரத்த அணு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அது துளைக்குள் நுழையும்போது, தன் பருமனுக்குச் சமமான உப்புக் கரைசலை விலக்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் மின்தடை கூடுகிறது. ஒரு மின்துடிப்பு உண்டாகிறது. அணு வெளியேறியதும் எல்லாம் பழையபடி. ஓர் அணு, ஒரு துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் அணுக்களை எண்ணியதாகிறது. அவ்வளவுதான்!

வகுப்பில் இதை விளக்க நான் பள்ளியின் சிறிய நுழைவாயிலைச் சொல்வேன். மணி அடித்ததும் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாயிலைத் தாண்டுகிறார்கள். காவலாளி முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. வாயிலில் வெளிச்சம் எத்தனை முறை மறைகிறது என்று எண்ணினால் போதும். பெரிய ஆள் போனால் அதிகம் மறையும், சின்னவர் போனால் குறைவாக மறையும். கோல்ட்டரின் துளையும் அப்படித்தான். துடிப்பின் உயரம் அணுவின் பருமனைக் காட்டியது. எண்ணிக்கைக்கு என்று செய்த கருவி, கூடவே அளவையும் சொன்னது. இதன் அருமை பின்னால் தெரியும்.

இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டினால் ஒருவராகத்தானே தெரியும்? அதே பிரச்சினை இங்கேயும் வரும். அதனால்தான் இரத்தத்தை மிக அதிகமாக நீர்க்கச் செய்தார்கள். மிச்சப் பிழையைக் கணக்குப் போட்டுத் திருத்தினார்கள். சிவப்பணுக்களுக்கு 50,000 மடங்கு நீர்ப்பு. அதில் அரை மில்லிலிட்டர் கரைசல் துளை வழியே போனால், மைக்ரோலிட்டருக்கு 5 மில்லியன் அணுக்கள் உள்ளவரின் இரத்தத்தில் சுமார் 50,000 துடிப்புகள் கிடைக்கும். 500 எங்கே, 50,000 எங்கே! பழைய கணக்கையே போட்டுப் பாருங்கள். 50,000இன் வர்க்கமூலம் சுமார் 224. இரு மடங்கு 448. ஒன்பது விழுக்காடு ஆடிய எண் இப்போது ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது.

'கோல்ட்டர் கருவி வேகமானது' என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் விஷயத்தில் பாதியைத்தான் சொல்கின்றன. வேகம் உண்மைதான், நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள். ஆனால் மருத்துவருக்குத் தேவைப்பட்டது நம்பத்தக்க எண். நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு நோயாளியின் உடலில் நடந்த மாற்றமா, எண்ணிய முறையின் ஆட்டமா என்று தெரியாவிட்டால், அந்த எண்ணை வைத்து எப்படி முடிவெடுப்பது?

துளைக்குக் காப்புரிமையா?

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. கோல்ட்டர் அப்போது போர்க்கப்பல் வர்ணத்தில் உள்ள துகள்களை அளக்கும் வேலையும் செய்துகொண்டிருந்தாராம். ஒரு கடும் குளிர் இரவில் வர்ணம் உறைந்துபோய்விட்டது. வெளியே போய் வேறு வர்ணம் கொண்டுவர மனமில்லை. வர்ணத்தைப் போன்ற பிசுபிசுப்புள்ள பொருள் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்து, தம் விரலையே குத்தி இரத்தம் எடுத்தாராம். துளைக்கு சிகரெட் பெட்டியின் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய செல்லஃபேன் தாளைச் சூடான ஊசியால் குத்திக்கொண்டாராம். அவர் பெயரில் இயங்கும் அறநிறுவனம் இந்தக் கதையைச் சொல்லி வருகிறது. தேர்வில் எழுதினால் 'என்று கூறப்படுகிறது' என்று சேர்த்து எழுதுங்கள்.

காப்புரிமை வாங்கப் போனபோது வழக்கறிஞர்கள் கையை விரித்தார்கள். ஒரு துளைக்கெல்லாம் காப்புரிமை கிடைக்காது என்பது அவர்கள் வாதம். ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர் என்று தேடிப் போனார். 1949இல் விண்ணப்பித்தார்; 1953 அக்டோபர் 20ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 2,656,508.

காப்புரிமை கிடைத்ததும் உலகம் ஓடி வந்து வாங்கிவிடவில்லை. இரண்டு கருவிகள் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்துக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன. அங்குள்ள ஆய்வாளர்கள் கையால் எண்ணியதையும் கருவி எண்ணியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜார்ஜ் பிரெக்கர் குழுவினர் 1956இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்: கருவியின் எண்ணிக்கை துல்லியமானது, வசதியானது. அதே ஆண்டு கோல்ட்டரும் தம் முறையைத் தேசிய மின்னணுவியல் மாநாட்டில் விளக்கினார். 1958இல் தம்பி ஜோசப்புடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். தம்பியும் மின்பொறியாளர்தான். பின்னர் நிறுவனம் ஃபுளோரிடாவின் மியாமி பகுதிக்கு மாறியது.

கண்டுபிடித்தவரே தம் கருவி நல்லது என்றால் யார் நம்புவார்கள்? வேறொருவர் சோதித்துப் பார்த்து எண்களோடு சொன்ன பிறகுதான் அறிவியலில் அது நிலைக்கிறது. கோல்ட்டரின் வரலாற்றில் வழக்கறிஞர் கதை சுவையானது. ஆனால் 1956ஆம் ஆண்டின் அந்த ஒப்பீடுதான் திருப்புமுனை.

எண்ணிக்கைக்குள் ஒளிந்திருந்த அளவு

துடிப்பின் உயரம் அணுவின் பருமனைச் சொல்லும் என்றேன் அல்லவா? சிவப்பணுக்களின் சராசரிப் பருமனை மருத்துவத்தில் எம்.சி.வி. என்பார்கள். இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் மேக்ஸ்வெல் வின்ட்ரோப் என்ற அமெரிக்க மருத்துவர். இரத்தத்தைக் குழாயில் வேகமாகச் சுழற்றி, அணுக்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து, அதை எண்ணிக்கையால் வகுப்பது அவர் வழி. நல்ல வழிதான். ஆனால் கையால் எண்ணிய எண்ணிக்கை ஆடினால், வகுத்து வரும் எம்.சி.வி.யும் ஆடும். கோல்ட்டரின் முறையிலோ ஒவ்வோர் அணுவும் துளையைத் தாண்டும்போதே தன் பருமனைத் தானே பதிவு செய்கிறது. 1968இல் வந்த 'மாடல் எஸ்' என்ற கருவி எண்ணிக்கை, ஹீமோகுளோபின், எம்.சி.வி. என ஏழு அளவுகளை ஒரே ஓட்டத்தில் கொடுத்தது.

பெரியவர்களுக்கு எம்.சி.வி. பொதுவாக 80 முதல் 100 ஃபெம்ட்டோலிட்டர் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரை ஆயிரம் மில்லியன் பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்ட்டோலிட்டர். இது 80க்கும் கீழே போனால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று இரும்புச்சத்துக் குறைபாடு. இன்னொன்று தலசீமியா என்ற பரம்பரைக் குறைபாட்டின் மரபுக்கூறு.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 1973இல் வில்லியம் மென்ட்சர் ஓர் எளிய வழி சொன்னார். எம்.சி.வி.யை, மில்லியனில் சொல்லப்படும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.8 என்றால் விடை 11. இன்னொருவருக்கு 70, 4.2 என்றால் விடை கிட்டத்தட்ட 17. 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா மரபுக்கூறு இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எளிது: இரும்பு குறைந்தால் உடல் அணுக்களைச் சிறிதாகவும் குறைவாகவும் உண்டாக்குகிறது, தலசீமியா மரபுக்கூறு உள்ளவர் உடலோ சிறிய அணுக்களை நிறையவே உண்டாக்குகிறது. இது சந்தேகத்தைக் காட்டும் கணக்குதான். உறுதி செய்ய ஹீமோகுளோபின் பகுப்பாய்வு வேண்டும். ஆனாலும் கையால் எண்ணிய காலத்தில் இப்படி ஒரு கணக்கைப் போட்டிருந்தால், வகுக்கும் எண்ணே ஆடிக்கொண்டிருக்கும்போது விடையை யார் நம்புவார்கள்?

மலேசிய ஆசிரியர்களுக்கு இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. 2016 முதல் சுகாதார அமைச்சு படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை செய்து வருகிறது. பெற்றோர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் படி முழு இரத்த எண்ணிக்கைதான். அணுக்களின் அளவுகள் குறைவாக இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள்.

ஓர் ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மறு சோதனைக்குக் கடிதம் வந்தது. மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், எம்புள்ளைக்கு இரத்தத்துல வியாதியா? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா என்னங்க டீச்சர் சொல்றது?" என்று கேட்டார். மகள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: மரபுக்கூறு இருந்தால் அது நோய் இல்லை. அப்படிப்பட்டவர் எல்லாரையும்போல் படிக்கலாம், ஓடலாம், வேலை செய்யலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம். கணவன், மனைவி இருவருக்குமே அதே வகைக் கூறு இருந்தால் மட்டும், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரலாம். அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும். அதனால்தான் பதினாறு வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இது பழி இல்லை அம்மா, தகவல்.

இன்னொரு பக்கமும் உண்டு. அணு சிறுத்திருக்கிறது என்றதும் இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் மரபுக்கூறாக இருந்தால் அந்த மாத்திரை அணுவைப் பெரிதாக்காது. இரும்பு உண்மையிலேயே குறைவா என்று பார்த்த பிறகுதான் மாத்திரை. மருத்துவர் சொல்லாமல் நாமாக எதையும் தொடங்கக் கூடாது.

கோல்ட்டர் தம் கருவியைச் செய்தபோது தலசீமியாவை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அவர் துளையில் எழும் துடிப்பின் உயரம், நம் பள்ளி மண்டபத்தில் கையை நீட்டி உட்காரும் மாணவியின் எதிர்காலம்வரை வந்துவிட்டது.

எண்ணுவதிலிருந்து பிரிப்பதற்கு

அணுக்களை ஒவ்வொன்றாக வரிசையில் ஓடவிடலாம் என்று தெரிந்த பிறகு, ஓடும் அணுக்களைப் பிரித்தெடுக்கலாமே என்று அடுத்தவர்கள் யோசித்தார்கள். 1965இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மேக் ஃபுல்வைலர் அதைச் செய்தார். கோல்ட்டர் முறையால் அணுவின் பருமனை அளந்து, அந்த அணு இருக்கும் நுண்துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தால் அதை ஒரு பக்கம் திருப்பினார். பெரிய அணு ஒரு குவளையில், சிறியது இன்னொரு குவளையில்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஹெர்சன்பர்க் அந்த அடிப்படையில் இன்னும் முன்னே போனார். பருமன் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறாக இருக்கும் அணுக்கள் இரத்தத்தில் உண்டு. அவற்றின்மேல் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, லேசர் ஒளியில் எது ஒளிர்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் கருவியை அவருடைய குழு உருவாக்கியது. பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் உடலில் சி.டி.4 வகை வெள்ளையணுக்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று பார்க்கவும், இரத்தப் புற்றுநோயின் வகையை அறியவும் இந்த வகைக் கருவிகளே பயன்பட்டன.

இயந்திரம் பார்க்காதது

இதற்காக ஆய்வுக்கூடப் பணியாளருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. கருவி எண்ணும்; ஆனால் தான் எண்ணுவது என்ன என்று அதற்குத் தெரியாது. சிலருடைய இரத்தத் தட்டுகள் சோதனைக் குழாயில் உள்ள உறைவுத்தடுப்புப் பொருளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி கொத்தைத் தனித்தனியாக எண்ணாது. 'தட்டுகள் குறைவு' என்று காட்டிவிடும். கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி ஒருவர் பார்த்தால்தான் உண்மை தெரியும். மலேரியாக் கிருமியைக் காண இன்றும் அந்த வழிதான் அடிப்படை. வெள்ளையணுக்களின் தோற்றம் சந்தேகமாக இருந்தால் கருவி எச்சரிக்கும். பார்த்து முடிவு சொல்வது பயிற்சி பெற்ற கண்.

கோல்ட்டர் மாற்றியது இதைத்தான். எண்ணும் சுமையை அந்தக் கண்களிடமிருந்து எடுத்தார். பார்க்கும் பொறுப்பை அவற்றிடமே விட்டுவைத்தார்.

1997இல் அவர் நிறுவனம் பெக்மன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விற்ற பணத்தில் 100 மில்லியன் டாலரைத் தம் ஊழியர்களுக்கென்று ஒதுக்கச் செய்தார். மருத்துவமனையின் பின்கட்டில் வேலை செய்தவர்களின் களைப்பைக் கவனித்தவர், தம்மிடம் வேலை செய்தவர்களையும் மறக்கவில்லை. 1998 ஆகஸ்ட் 7ஆம் நாள், 85ஆம் வயதில் காலமானார்.

வகுப்பறையில் பயன்படுத்த

கீழ்க்காணும் கேள்விகளைக் குழு நடவடிக்கையாகவோ கட்டுரைப் பயிற்சியாகவோ கொடுக்கலாம்.

1. கையால் எண்ணும் முறையில் பிழை நேர்ந்ததற்குப் பணியாளரின் கவனக்குறைவுதான் காரணமா? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.

2. கட்டுரையில் உறுதியான செய்தியாக வருபவை எவை, 'கூறப்படுகிறது' என்ற அளவில் வருபவை எவை? அட்டவணையிடுக.

3. ஒருவருக்கு எம்.சி.வி. 66, சிவப்பணு எண்ணிக்கை 5.5 மில்லியன். மென்ட்சர் கணக்கைப் போட்டு, அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று 50 சொற்களில் எழுதுக.

4. தலசீமியா மரபுக்கூறு உள்ள தோழிக்கு ஆறுதலும் சரியான விளக்கமும் கூறி ஓர் உறவுக்கடிதம் எழுதுக.

நான்காவது கேள்வியைக் கொடுக்கும் முன் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பிலேயே அப்படி ஒரு மாணவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். யாருடைய சோதனை முடிவையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டாம்.